கணக்கு நம் கையில் இருக்கட்டும்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார், மாதர் அணியினருக்கான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை. வகுப்புக்கு வர முடியாத அங்கத்தவர்களுக்காக இங்கு தரப்படுகிறது.)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். 2015ஆம் ஆண்டளவில் நாம் கேட்கத் தொடங்கிய 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் சம்பள நிர்ணய சபை மூலம் கைக்கு வந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது. ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை பேரணி, எத்தனை நாள் வேலைநிறுத்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நான் பேசப் போவது அந்தச் சம்பளத்தின் மறுபக்கத்தைப் பற்றி. வாங்கிய சம்பளம் எங்கே போகிறது? சம்பள நாள் மாலையில் லயத்து வாசலுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வாரக் கடன் வசூலிப்பவர் வருகிறார். தவணைக்குச் சாமான் கொடுத்தவர் வருகிறார். வட்டிக்காரர் வருகிறார். வாசலுக்கு வராமல் தொலைபேசி வழியாகவே வருகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சம்பளம் போதாது. சிக்கனமாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. ரொட்டியும் சம்பலும் சாப்பிடும் குடும்பத்திடம் இன்னும் சுருக்கு என்று யார் சொல்ல முடியும்? சம்பளத்துக்கான போராட்டம் தொடரும். ஆனால் போராடி வாங்கியதை ஒரு கையெழுத்திலும் ஒரு தொலைபேசி அழைப்பிலும் இழந்துவிடக்கூடாது. அதுவும் சங்க வேலைதான்.

நம் முன்னோரின் துண்டு

இளம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. கங்காணி முறை இருந்த காலத்தில் நம் முன்னோர் தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனோடுதான் வந்தார்கள். வழிச் செலவு, சாப்பாட்டுச் செலவு, கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் அவர்கள் பேரில் ஏறியது. ‘துண்டு’ என்று ஒரு காகிதம் இருந்தது. இந்த ஆட்களின் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆட்கள் தோட்டம் மாறினாலும் கடன் அவர்களை விட்டுப் போகவில்லை. 1921ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது.

அந்தக் கடன் ஏன் தீரவேயில்லை? சம்பளம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கணக்கு எழுதும் கை வேறு ஒருவருடையது. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்பது கடன்பட்டவருக்குத் தெரியாது. கணக்கு யார் கையிலோ, ஆளும் அவர் கையில்.

இன்று துண்டு இல்லை. ஆனால் சில இடங்களில் வட்டிக்குக் கொடுப்பவர் ஈடாக எதை வாங்கி வைத்துக்கொள்கிறார்? வங்கி அட்டையை. கூடவே இரகசிய இலக்கத்தையும். சம்பளமோ அஸ்வெசும பணமோ வங்கிக்கு வந்ததும் அவரே எடுத்து, தன் பங்கைக் கழித்து, மிச்சத்தை நமக்குக் கொடுக்கிறார். நூறு ஆண்டுக்கு முன் ஒழித்த துண்டு வேறு உருவத்தில் லயத்துக்குள் திரும்பி வந்திருக்கிறது என்றுதான் இதைச் சொல்வேன். யாராவது உங்கள் அட்டையை வைத்திருந்தால், உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் அந்த அட்டையை முடக்கி, புதிய அட்டை கேளுங்கள். கடன் இருந்தால் அதைக் கட்டுவது வேறு விடயம். அட்டை உங்களுடையது.

ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். மிச்சம் நான் சொல்லப்போவது எல்லாம் அதன் விளக்கம்.

சம்பளச் சீட்டில் தொடங்குவோம்

முதல் கணக்கு சம்பளச் சீட்டு. அதை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்து, அடுப்படியில் போட்டுவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் மாத வரிசையில் ஒட்டி வையுங்கள்.

அதே கொப்பியில் தினமும் மாலை ஒரு வரி எழுதுங்கள். திகதி, முழுப் பேரா அரைப் பேரா, எத்தனை கிலோ, எடையில் எவ்வளவு கழித்தார்கள். எழுத வராவிட்டால் பாடசாலைக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். மாதக் கடைசியில் சீட்டையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேர் குறைந்திருந்தால், கிலோ குறைந்திருந்தால், திகதியோடு கேட்கலாம். “எனக்குக் குறைவாகப் போட்டுவிட்டார்கள்” என்று பிரட்டுக் களத்தில் சொன்னால் யாரும் கேட்பதில்லை. “8ஆம் திகதி, 12ஆம் திகதி, இந்த இரண்டு நாள் பேர் எங்கே?” என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தலைவர்மாருக்கும் வேலை இலகு.

கழிவுகளையும் பாருங்கள். தீபாவளி முன்பணம் எத்தனை மாதத் தவணை, எத்தனை தவணை முடிந்தது? முடிந்த பிறகும் கழிக்கிறார்களா? மரண சகாய நிதி, கோவில் வரி, சங்கச் சந்தா உட்பட எல்லாவற்றையும் வாசியுங்கள். நமது சங்கச் சந்தாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்கும் கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நம் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 வீதம், தோட்ட நிர்வாகம் குறைந்தது 12 வீதம் அந்த நிதிக்குப் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். அந்த 3 வீதத்தை நம் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. இந்தப் பணம்தான் நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒரே தடவையாகக் கைக்கு வரும் பெரிய தொகை. அதனால்தான் அதைச் சுற்றித் தரகர்கள் நிற்கிறார்கள்.

பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அந்தப் பணத்தைக் கேட்கலாம். அப்போதுதான் பெயர்ப் பிரச்சினை தலைகாட்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டப் பதிவில் வீட்டில் கூப்பிடும் பெயர். “நான் சரிசெய்து தருகிறேன், வருவதில் இவ்வளவு கொடு” என்று ஒருவர் வருவார். சேமலாப நிதி விண்ணப்பத்துக்குத் தொழில் திணைக்களத்தில் தரகுப் பணம் எதுவும் இல்லை. பெயர் பிழை இருந்தால் ஐம்பது வயது வரை காத்திருக்காதீர்கள். இன்று முப்பது வயதில் இருப்பவர்கள் இப்போதே மூன்று ஆவணங்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள்.

வாரக் கடனின் உண்மைக் கணக்கு

இனி கடனுக்கு வருவோம். பிள்ளையின் படிப்பு, ஒரு சாவு வீடு, ஒரு வைத்தியச் செலவு என்று கடன் வாங்காத குடும்பம் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. கடன் வாங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை. என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். அரிசி வாங்கும்போது கிலோ என்ன விலை என்று கேட்கிறோமே, பணத்துக்கும் விலை உண்டு.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபாய் கடன். வாரம் 1,300 ரூபாய் வீதம் 50 வாரம் கட்ட வேண்டும். மொத்தம் 65,000. “ஐம்பதாயிரத்துக்குப் பதினையாயிரம்தானே வட்டி, வருடத்துக்கு 30 வீதம்” என்று சொல்வார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த 50,000 ரூபாய் வருடம் முழுக்க உங்கள் கையிலா இருக்கிறது? முதல் வாரமே திருப்பிக் கட்டத் தொடங்குகிறீர்கள். 25 வாரம் போனதும் முதலில் பாதியைக் கட்டியாகிவிட்டது. ஆனாலும் முழு ஐம்பதாயிரத்துக்கும் போட்ட அதே வட்டியைத்தான் கட்டுகிறீர்கள். உங்கள் கையில் உண்மையாக இருக்கும் பணத்துக்குக் கணக்குப் போட்டால் வருட வட்டி 55 வீதத்தைத் தாண்டுகிறது. ஆவணச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே 2,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 47,500தான் கையில் கொடுத்தார்கள் என்றால் 65 வீதத்தையும் தாண்டும். சொன்னது 30, கட்டுவது 65.

வேறு விதமாகவும் பார்க்கலாம். 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால், வாரம் 1,300 ரூபாய் என்பது கிட்டத்தட்ட ஒரு நாள் பேர். அப்படியானால் வாரத்தில் ஒரு நாள் மலையேறிப் பறிக்கும் கொழுந்து முழுக்க அந்தக் கடனுக்குத்தான். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று போனால் வாரத்தில் மூன்று நாள் வேலை வீட்டுக்கே வராது. மிச்சமிருக்கும் நாட்களில் மழை பெய்தால், காய்ச்சல் வந்தால், வேலை குறைந்தால் என்ன செய்வது?

குழுக் கடனில் இன்னொரு பாரம் இருக்கிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒரே லயத்தில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கிறார்கள். வசூலிப்பவர் வாசலில் உட்கார்ந்துகொள்வதால் வீட்டை விட்டு ஓடி ஒளிந்தவர்கள் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு மகளிர் தினத்தில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி, பல வாரங்கள் அங்கேயே இருந்தார்கள். சிங்களக் கிராமத்துப் பெண்ணுக்கும் நம் லயத்துப் பெண்ணுக்கும் இதில் ஒரே துன்பம்தான்.

ஆகவே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

கையில் எவ்வளவு கிடைக்கும்? எல்லாக் கழிவும் போன பிறகு எவ்வளவு?

மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? வார வட்டி, மாத வட்டி என்ற பேச்சு வேண்டாம். மொத்த ரூபாயைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் தவறினால் என்ன தண்டப்பணம்? முன்கூட்டியே முடித்தால் வட்டி குறையுமா?

ஒப்பந்தத்தின் பிரதி எனக்குக் கிடைக்குமா? அது தமிழில் இருக்கிறதா?

இந்த நிறுவனத்துக்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா?

சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளை நீட்டி, “இங்கே, இங்கே, இங்கே போடுங்கள் அக்கா” என்று விரலால் காட்டினால் பேனாவைக் கீழே வையுங்கள். புரியும் மொழியில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ தவறாக நடந்தால், அந்த நிறுவனத்திலேயே முதலில் எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொருவருக்குப் பிணை நிற்பதும் கடன் வாங்குவதும் ஒன்றுதான். அவர் கட்டாவிட்டால் நான் முழுதும் கட்ட முடியுமா என்று யோசித்துவிட்டுப் பிணை நில்லுங்கள்.

கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வசூலிப்பவர் தன் கொப்பியில் எழுதினால் போதாது. உங்கள் அட்டையிலும் எழுதி அவர் கையொப்பம் வைக்க வேண்டும். நகையை அடகு வைத்திருந்தால் அடகுச் சீட்டில் உள்ள கடைசித் திகதியைக் கொப்பியில் எழுதி வையுங்கள். திகதி தவறினால் ஏலத்துக்குப் போகும். முழுவதையும் மீட்கப் பணமில்லாவிட்டாலும், திகதிக்கு முன் போய் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள்.

கைத்தொலைபேசியில் நிமிடத்தில் கடன் என்று வருவதை இளம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அந்தச் செயலியைப் போட்டதும் உங்கள் தொலைபேசியில் உள்ள எல்லா இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். தவணை தவறினால் உங்கள் சித்தப்பாவுக்கும், பிள்ளையின் ஆசிரியைக்கும், வேலை செய்யும் கடை முதலாளிக்கும் அழைப்புப் போகும். மானத்தை ஈடாக வாங்கிக்கொண்டுதான் அந்தப் பணத்தைத் தருகிறார்கள்.

வாசலில் வரும் சாமான்

வான் ஒன்றில் சாமான் கொண்டுவந்து தவணைக்குக் கொடுக்கிறார்கள். குக்கர், மின்விசிறி, மெத்தை, தொலைக்காட்சி. தவணையை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, அதே சாமான் நகரத்துக் கடையில் என்ன விலை என்று கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி. விற்பவரின் பெயர், கடை முகவரி, உத்தரவாத அட்டை எதுவும் இல்லை என்றால், அடுத்த மாதம் சாமான் பழுதானபோது வானும் வராது.

கடையில் வாங்கும்போது பில் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பொதியில் அச்சிட்ட அதிகபட்ச விலையைவிடக் கூட்டி விற்றாலும், திகதி முடிந்த பால்மாவை விற்றாலும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். தோட்டத்துக் கடையில் கொப்பிக்குச் சாமான் வாங்குகிறவர்கள், கடைக்காரர் எழுதும்போதே தங்கள் கொப்பியிலும் எழுதிக்கொள்ளுங்கள். அது சண்டைக்காக அல்ல. கடைக்காரரும் மனிதர்தான், அவருக்கும் மறதி வரும். இரண்டு கொப்பி இருந்தால் இருவருக்கும் நிம்மதி.

தொலைபேசியில் வரும் திருடன்

இப்போது வேறு வகையான களவுக்கு வருகிறேன். அழைப்பு வருகிறது. “உங்கள் இலக்கத்துக்குப் பரிசு விழுந்திருக்கிறது. பரிசை அனுப்ப முன்பணம் கட்டுங்கள்.” அல்லது “உங்கள் அஸ்வெசும கொடுப்பனவு நின்றுவிட்டது. விபரம் சொல்லுங்கள்.” அல்லது தபால் திணைக்களத்தின் பெயரில், “உங்கள் பொதி வந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்திப் பணம் கட்டுங்கள்” என்று ஒரு செய்தி. கொழும்பில் வேலை செய்யும் மகனின் படத்தைப் போட்டு, “அம்மா, இது என் புதிய இலக்கம், அவசரமாகப் பணம் போடுங்கள்” என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி.

ஆட்கள் வேறு, கதைகள் வேறு. ஆனால் எல்லாவற்றிலும் இரண்டு விடயங்கள் தப்பாமல் இருக்கும். ஒன்று அவசரம்: “இப்போதே, இன்றைக்குள், பத்து நிமிடத்துக்குள்.” மற்றது இரகசியம்: “யாரிடமும் சொல்லாதீர்கள், அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.” நல்ல காரியத்துக்கு எதற்கு அவசரம், எதற்கு இரகசியம்? கலியாணம் பேசக்கூட நாள் பார்க்கிறோம், நாலு பேரிடம் விசாரிக்கிறோம்.

அதனால் ஒரு பழக்கத்தை உங்கள் வீட்டில் கொண்டுவாருங்கள். ஓர் இரவு, ஓர் ஆள். பணம் கொடுக்கவும், கையெழுத்துப் போடவும், அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லவும் முன்னால் ஓர் இரவு போகட்டும், ஓர் ஆளிடம் கேளுங்கள். கணவனாக இருக்கலாம், படித்த மகளாக இருக்கலாம், தலைவியாக இருக்கலாம். அவசரமும் இரகசியமும் இந்த இரண்டையும் தாண்டி வர முடியாது. மகன் பணம் கேட்டால் அவனுடைய பழைய இலக்கத்துக்கே எடுத்து அவன் குரலைக் கேளுங்கள்.

வங்கியிலிருந்து தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை, ஓடிபி என்கிறார்களே, அதை யாருக்கும் சொல்லாதீர்கள். வங்கி ஊழியர் என்று சொன்னாலும் சொல்லாதீர்கள். எந்த வங்கியும் அதைக் கேட்பதில்லை. கேட்கிறவர் திருடன்தான். அஸ்வெசும பற்றிச் சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள், அல்லது நலன்புரி நன்மைகள் சபையின் 1924க்கு நீங்களே அழையுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். “உன் வங்கிக் கணக்கை எனக்குக் கொடு, வந்து போகும் பணத்தில் உனக்குப் பங்கு” என்று நண்பன் கேட்பான். அந்தக் கணக்கில் வருவது யாரோ ஒரு தாயிடம் ஏமாற்றிய பணம். பொலிஸ் முதலில் தேடுவது கணக்குக்குச் சொந்தக்காரனைத்தான். உங்கள் அடையாள அட்டையில் இன்னொருவருக்கு சிம் எடுத்துக் கொடுப்பதும் அதேதான்.

ஏற்கெனவே பணம் போய்விட்டால்? உடனே வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். இணையம், சமூக ஊடகம் சம்பந்தப்பட்டதென்றால் இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவின் 101 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். முதல் ஒரு மணித்தியாலம் முக்கியம். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்தால் பணம் கைமாறிக் கைமாறிப் போய்விடும். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். சிரிப்புக்குப் பயந்துதான் பலர் சொல்லாமல் இருக்கிறார்கள்.

வெளிநாடும் பிரமிட்டும்

வெளிநாடு போக நினைக்கும் சகோதரிகளே, சகோதரர்களே. முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்குப் பணியகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்துக் கேளுங்கள். “முதலில் சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்துங்கள். பணியகத்தில் பதியாமல் போனால் அங்கே பிரச்சினை வரும்போது கைகொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும். கணினி வேலை, நல்ல சம்பளம் என்று தாய்லாந்துக்குக் கூட்டிப்போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட செய்திகளை வாசித்திருப்பீர்கள். வேறு வேலை என்று நம்பிப் போனவர்கள் ரஷ்ய-உக்ரைன் போர்க்களத்தில் நின்றதும் நடந்தது. கடவுச்சீட்டையும் பணத்தையும் தரகரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் நிறுவனத்தின் பற்றுச்சீட்டு வேண்டும்.

இன்னொன்று பிரமிட். “நீ பணம் கட்டி ஆறு பேரைச் சேர். அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள். வீட்டில் இருந்தபடி சம்பாதிக்கலாம்.” கணக்கைப் போடுங்கள். முதல் படி 6 பேர். இரண்டாவது 36. மூன்றாவது 216. ஐந்தாவது படியில் 7,776 பேர் வேண்டும். பத்தாவது படிக்கு ஆறு கோடிப் பேர் வேண்டும். இலங்கையின் மொத்தச் சனத்தொகையே இரண்டேகால் கோடிக்குள்தான். ஆகவே கடைசியில் சேர்ந்தவர்களுக்குப் பணம் வர வழியே இல்லை. அந்தக் கடைசி ஆட்கள் யார்? நாம் சேர்த்துவிட்ட மச்சாளும் பக்கத்து லயத்துக்காரரும்தான். பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. ஆள் சேர்த்துக் கொடுப்பதும் குற்றம். சவர்க்காரம், சத்துமா, நாணயம் என்று எதைக் கையில் கொடுத்தாலும், வருமானம் ஆள் சேர்ப்பதிலிருந்து வருகிறதென்றால் அது பிரமிட்தான்.

வீட்டில் செய்யக்கூடியது

சம்பள நாளன்று கடைக்குப் போகும் முன் பணத்தைப் பிரித்து வையுங்கள். அரிசி, மா, மண்ணெண்ணெய் அல்லது காஸ் ஒரு பக்கம். பிள்ளைகளின் பாடசாலைச் செலவு ஒரு பக்கம். கடன் தவணை ஒரு பக்கம். சிறிய தொகையென்றாலும் அவசரத்துக்கு ஒரு பக்கம். மாதம் 500 ரூபாய் வைத்தால் வருடத்தில் 6,000. பெரிய பணமல்ல. ஆனால் இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கு முச்சக்கரவண்டி பிடிக்க வட்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

சீட்டுப் போடுவது நம் பெண்களின் பழைய பழக்கம், நல்ல பழக்கம். ஆனால் தெரிந்த பத்துப் பேருக்குள் இருக்கட்டும். யார் எந்த மாதம் எடுத்தார் என்பதை எல்லோரும் எழுதி வையுங்கள். எங்கோ இருந்து வந்து பெரிய சீட்டு நடத்துகிறவரிடம் மாட்டாதீர்கள். கொஞ்சம் சேர்ந்ததும் அனுமதி பெற்ற வங்கியில் போடுங்கள். அங்கே ஒருவர் ஒரு வங்கியில் வைத்திருக்கும் வைப்புக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி இருக்கிறது. மாதம் பத்து வீத வட்டி தருகிறேன் என்பவரிடம் அந்தக் காப்புறுதி இல்லை.

ஆண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெண் மலையில் நின்று சம்பாதிக்கிறாள். கடன் தாளிலும் அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள். அந்தப் பணம் எதற்குப் போனது என்று தெரியாமல் தவணை மட்டும் அவள் தலையில் விழும் வீடுகள் இருக்கின்றன. சாராயத் தவறணைக்கும் வட்டிக்காரருக்கும் இடையில் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தால் எந்தக் கொப்பியும் உதவாது. வீட்டுக் கணக்கை இருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

கடைசியாக, தோட்டக் கமிட்டிகளுக்கு. உங்களிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பொதுக் கொப்பி. கடன் கொடுக்க, சாமான் விற்க, வெளிநாட்டுக்கு ஆள் பிடிக்க, வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர்க்கிறேன் என்று சொல்ல யார் வந்தாலும், அவர் பெயர், நிறுவனம், தொலைபேசி, வண்டி இலக்கம் எழுதி வையுங்கள். நேர்மையானவர் மறுக்க மாட்டார். மறுக்கிறவர் திரும்பிப் போகட்டும்.

இரண்டாவது, வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணித்தியாலம். கையெழுத்துப் போடும் முன் தாளைக் கொண்டுவந்து காட்ட ஓர் இடம். வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞரோ ஆசிரியரோ அங்கே இருக்கட்டும். இப்போது நம்மிடம் வருகிறவர்கள் எல்லாம் பணம் போன பிறகே வருகிறார்கள். போகும் முன் வந்தால் ஐந்து நிமிட வேலை. போன பிறகு வந்தால் ஐந்து வருட வழக்கு.

மூன்றாவது, கடனில் சிக்கியவரைத் தனியாக விடாதீர்கள். வசூலிப்பவர் வந்து சத்தம் போடும்போது தலைவியும் நாலு பெண்களும் பக்கத்தில் போய் நின்றாலே பேச்சின் தொனி மாறும். கடனைக் கட்ட மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்கிறோம், தவணையைக் குறைக்கச் சொல்கிறோம், மரியாதையாகப் பேசச் சொல்கிறோம். தனியாளாகக் கேட்டால் கெஞ்சல். சேர்ந்து கேட்டால் பேச்சுவார்த்தை. சங்கம் நமக்குச் சொல்லித் தந்ததே அதுதான்.

நாளை பிரட்டுக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. பிள்ளையின் பழைய கொப்பியில் மிச்சமிருக்கும் பக்கங்களைக் கிழித்து, முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதுங்கள். எழுதும்போது கை நடுங்கினாலும் எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.



வெட்டி ஒட்டி வைக்க வேண்டிய இலக்கங்கள்

மத்திய வங்கி, நிதிசார் நுகர்வோர் முறைப்பாடு: 1935
பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை: 1977
வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்: 1989
அஸ்வெசும, நலன்புரி நன்மைகள் சபை: 1924
இணைய மோசடி ஆலோசனை: 101